நாலு மீட்டர்

ஆழம் தெரிந்தேதான் காலை விட்டார்கள்.
நாலு மீட்டர்.
நாலே மீட்டர்தான் என்று மூன்றாவது முறையாகச் சொல்கிறார்
லோவ்ரேயின் அப்பா,
கதவுக்கு அந்தப் பக்கம்,
ஈர உடையும் ஒற்றைக் காலில் செருப்புமாக.

நான் அழுத்த அறைக்குள் இருக்கிறேன், பையனோடு.
பருத்தித் துணிக்கு மட்டுமே இங்கே அனுமதி.
கைபேசி, கடிகாரம், பாதி மென்ற சூயிங்கம்
எல்லாம் வெளியே ஒரு பிளாஸ்டிக் தட்டில்.
இரும்புக்குள் காற்று சீறிக்கொண்டு நிறைகிறது.
மூக்கைப் பிடி, ஊது, காதைத் திற என்கிறேன்.
இப்போது நாங்கள் பதினெட்டு மீட்டர் ஆழத்தில்,
சொட்டுத் தண்ணீர் இல்லாமல்,
ஸ்ப்ளிட் நகர மருத்துவமனையில்
சலவை அறைக்கு அடுத்த அறையில்.

பதிமூன்று வயது.
வலக்கையை மூடு என்றால் மூடுகிறான்.
இடக்கை
யோசிக்கிறது.

கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்தது, அவ்வளவுதான்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்திருக்கிறான்.
தண்ணீரில் மூச்சைப் பிடி என்று
குளியல் தொட்டிக் காலத்திலேயே சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்.
முதுகில் சிலிண்டர் ஏறிய பிறகு
பிடித்த மூச்சே பகை.
கீழே நாலு லிட்டராக இருந்தது
மேலே வருவதற்குள் ஐந்தரை ஆகிவிடும்.
நெஞ்சுக்கு அந்தக் கணக்கு வராது.
அதிலும் சளி அடைத்த, சுருங்கிய குழாய்கள் உள்ள நெஞ்சுக்கு.

கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் விரலால் வட்டம் காட்டுவார்கள்:
ஓகே.
குளிரில் உதடு நீலமானாலும் ஓகே.
போன ஆகஸ்டில் ஒருத்தி
செவிப்பறை கிழிந்த பிறகும் வட்டம் காட்டினாள்.
புகைப்படத்தில்கூடச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

படிவத்தில் ஆஸ்துமா என்ற இடத்தில்
'இல்லை'க்கு நேராக ஒரு டிக்.
அழுத்தமான, அழகான டிக்.
நீல இன்ஹேலர் அவன் காலுறைக்குள் சுருட்டிக் கிடந்ததை
எடுத்துக் கொடுத்தாள் நர்ஸ் பெரினா. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இருபது நிமிடம் ஆக்சிஜன், ஐந்து நிமிடம் வெறும் காற்று.
முகமூடி விலகும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பேசுகிறான்.
அழுத்தத்தில் குரல் மூக்கால் வருகிறது.
அந்த டிக் நான் போட்டது. அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

உள்ளே வருவதற்கு முன்
நடைவழியில் என் கையைப் பிடித்து அவர் சொன்னார்:
டிக் போட்டது நான்தான்.
பையனுக்குத் தெரிய வேண்டாம்.

எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு டிக்கில் என்ன இருக்கிறது?
இருந்தாலும், கொண்டுவந்திருந்தால் பார்த்திருப்பேன்.
காகிதத்தையும் இங்கே விடமாட்டார்கள்.

மறுபடி முகமூடி. மறுபடி இருபது நிமிடம்.
மூன்றாவது சுற்றில் அவன் கட்டைவிரல் சுட்டுவிரலைத் தேடுகிறது,
இடக்கையில்.
பாதி வட்டம்.
உண்மைதானா என்று கேட்கிறேன்.
தலையை இல்லை என்று ஆட்டுகிறான்.
நல்ல பிள்ளை. அதைத்தான் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன் வெளியே.

ஒலிபெருக்கியில் அப்பாவின் குரல்:
மேலே வந்துவிட்டானா?

இன்னும் ஒன்பது மீட்டர் இருக்கிறது என்கிறேன்.