கழிவு போக

செட்டியார் தெரு அடகுக் கடையில்
பதினாறு வருஷமாய் உரைகல் பிடிக்கிறவள் நான்.
நகை வந்ததும் முதலில் கழிவு பார்ப்பேன்:
அரக்குக்கு இவ்வளவு, கல்லுக்கு இவ்வளவு,
கழுத்து அழுக்குக்குக்கூட ஒரு மஞ்சாடி.
மிச்சத்துக்குத்தான் காசு.

ஆளுக்கும் அப்படித்தான். சொல்ல வெட்கமாயிருக்கிறது.
படியேறும்போதே எடை போட்டுவிடுவேன்,
செருப்பு, குடை, கைப்பை, பேசுகிற தமிழ்.
மெத்தை நாற்காலி யாருக்கு, வாங்கு யாருக்கு,
வாசலோடு யாருக்கு
என்று கண் முடிவெடுத்த பிறகுதான்
வாய் 'வாங்க' என்று சொல்லும்.

அந்த ஐப்பசிச் செவ்வாயில்
மழை தெருவை வாய்க்காலாக்கிவிட்டது.
பாதி இறக்கிய ஷட்டருக்குள் மூன்று பேர்.

கறுவாத்தோட்டத்துத் திருமதி அம்பலவாணர்.
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவேயில்லை.
மெத்தை நாற்காலி.
பீங்கான் கோப்பையில் பால் தேத்தண்ணி.

மாளிகாவத்தை றிஸ்லா.
மகளின் காதிலிருந்து கழற்றிய தோடு,
திருகாணி ஒன்று குறைவு.
வாங்கு. பிளேன்ரீ, பிளாஸ்டிக் கப்பில்.

மூன்றாவது மாசிலாமணி, நாட்டாமை.
நாட்டாமை என்றால் வேறு ஊர்களில்
தீர்ப்புச் சொல்கிறவராம்.
எங்கள் தெருவில் வெங்காய மூட்டை சுமக்கிறவர்.
'என்ன கொண்டுவந்தீங்க?' என்றேன், பழக்கத்தில்.
'ஒண்ணுமில்ல மிஸ், நனஞ்சுதான் வந்தேன்.'
வாசலோடு நின்றார்.
தேத்தண்ணி அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

அம்மாவின் காப்பை உரைத்தேன்.
கோடு சரியாய் விழவில்லை.
அரத்தால் சின்னதாய்க் கீறி, திரும்ப உரைத்து,
நுனியில் ஒரு துளி திராவகம்.
பச்சையாய் நுரைத்தது.
முலாம். உள்ளே செம்பு.
மெதுவாய்த்தான் சொன்னேன்.
கடை சின்னது, எல்லாருக்கும் கேட்டது.

'ஒருக்கால் வடிவாப் பாருங்கோ' என்றார்.
பிறகு, யாருக்குமில்லாமல்,
'மகன்தான் பொலிஷ் பண்ணிக் கொண்டுவந்து தந்தவன்.'
கண்ணாடியைக் கழற்றினார்.

ஆண்டவரே, நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்,
என் கை அந்தப் பீங்கான் கோப்பையை
எடுக்கப் போனதை.
தேத்தண்ணி பாதி மிச்சமிருந்தது.

றிஸ்லா வாங்கில் நகர்ந்து இடம் விட்டாள்.
'இங்கால வாங்க, கொஞ்சம் காத்து வருது.'
மெத்தையை விட்டெழுந்து அவர் அங்கே போனார்.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.
மாசிலாமணி தலைச் சும்மாட்டை அவிழ்த்துப் பிழிந்து
படியில் விரித்தார், வழுக்காமலிருக்க.
முழங்கால் தண்ணீரில் இறங்கி
நின்றுபோன த்ரீவீலர் ஒன்றைத் தள்ளியே கொண்டுவந்தார்.
'பாத்து இறங்குங்கம்மா.'
அம்மா கைப்பையைத் துழாவியபோது
'இன்னிக்கி மூட்ட ஒண்ணும் தூக்கலியே' என்று சிரித்தார்.

அவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.
கடையில் இரண்டு வகைக் கோப்பைதான்.
எதை எடுப்பதென்று நின்ற நேரத்தில்
மழை விட்டிருந்தது. போய்விட்டார்.

கொச்சிக்கடைக் கோயில் மணி அடித்தது.
செவ்வாய் தவறாமல் அங்கே போகிறவள் நான்.
எத்தனை மெழுகுதிரி, எத்தனை மன்றாட்டு!
ஒருநாளும் கேட்டதில்லை,
உம்முடைய கடையில் கழிவு உண்டா?
ஒன்றும் கொண்டுவராதவனை எங்கே நிறுத்துவீர்?
எல்லார் முன்னிலும் செம்பாய்ப் போனவளை
எங்கே உட்கார வைப்பீர்?
கல்லும் கையுமாய் இருக்கிற என்னை?

வாங்கில் இரண்டு பேரின் ஈரம்
ஒரே திட்டாய் ஊறிக் கிடந்தது.

மாலையில் கல்லின் கோடுகளை
மெழுகால் ஒற்றி எடுப்போம்,
பொடித் தங்கமும் வீணாகக் கூடாதென்று.
'அந்தச் செம்புக் கோட்டை முதல்ல துடைச்சுப் போடு,
மெழுகு கெட்டுப்போகும்' என்றார் முதலாளி.
சரி என்றேன்.
துடைக்கவில்லை.