வெள்ளிக்குள் ஒப்பு

நாலு நிமிடம் நாற்பத்தெட்டு.
இன்றைய தேதிக்கு நான் அவ்வளவுதான்.
ஆயிரத்தைநூறு மீட்டர், வேலந்தாவளம் வாய்க்கால் கரை,
கணவாய்க் காற்று முகத்தில் அறைந்த செவ்வாய்க்கிழமை.
கடிகாரம் பிடித்தது சபீனா.

புதன்கிழமை பேபிச்சன் சார் வந்தார்,
கோட்டயம் பக்கத்துக் கல்லூரிக்காரர்.
காரின் பின்சீட்டு முழுக்க ஷூ பெட்டிகள்.
"ஹாஸ்டல் ஃப்ரீ. பால், ரெண்டு முட்டை, ஃபீஸ் இல்ல.
வெள்ளிக்குள்ள ஒப்பு வேணும்."

ஒப்பு என்றால் அவர் மொழியில் கையெழுத்து,
என் மொழியில் சம்மதம்.
செக்போஸ்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே சொல்தான்;
லாரி மாதிரி
தாண்டும்போது எடை மாறிவிடுகிறது.

கோயமுத்தூர்க் கல்லூரி பி.டி. மேடம்
போனில் சொன்னது வேறு:
"நவம்பர் மீட்ல நாற்பதுக்குள்ள வா. அப்புறம் பேசலாம்."
எட்டு வினாடி.
எட்டு வினாடியில் அம்மா
ஒரு ஹாலோபிளாக்கை அச்சிலிருந்து கழற்றி
வெயிலில் வைத்துவிடுவாள்.
அதே எட்டைக் கழற்றத்தான்
நான் ஒரு வருடமாய் நாலரைக்கு எழுகிறேன்.

சபீனா பதினொன்றாம் வகுப்பிலேயே ஒப்பிட்டாள்,
வேறொரு கல்லூரிக்கு,
முழுப் பெயரும் நீல மையில்.
ஜனவரியில் முழங்காலுக்குக் கீழே எலும்பில்
முடி அளவுக்கு ஒரு விரிசல்.
அவளை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.
வேண்டும் என்று சொன்ன நம்பரில்
அதற்கப்புறம் ரிங் மட்டும் போனது.
அன்றிலிருந்து கடிகாரம் பிடிக்கிறாள்,
என்மேல் துளிக் கோபம் இல்லாமல்.
அதுதான் எனக்குக் கஷ்டம்.

காத்திருந்து நவம்பரில் நாற்பத்தொன்று ஓடினால்?
அந்த வாரம் பார்த்து மாதவிலக்கு வந்தால்?
ஐந்தாம் நம்பர் ஷூ பெட்டி அதற்குள்
கஞ்சிக்கோட்டுப் பெண் ஒருத்தியின் வீட்டில் இறங்கியிருந்தால்?

எல்லோரும் உவமை சொல்கிறார்கள்.
மூன்றாம் சுற்றில் அவசரப்படாதே என்கிறார் கெமிஸ்ட்ரி சார்.
கடைசி மணி அடித்தபின் யோசிக்காதே என்கிறான் அண்ணன்.
இரண்டு பேரும் பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை.
ஓட்டத்தில் எப்போது இழுப்பது என்று முடிவெடுப்பது
பெரும்பாலும் நான் இல்லை,
என் தோளோரம் மூச்சு வாங்குகிறவள்.

வெள்ளி, சாயங்காலம் ஐந்து.
சிமெண்ட் மூட்டைமேல் தாள் விரிந்திருந்தது.
அம்மா சேலையில் கையைத் துடைத்தபடி கேட்டாள்:
"ஏனுங்க, கால் ஒடிஞ்சுபோனா அப்பவும் சோறு உண்டுங்களா?"

பேபிச்சன் சார் தாளைத் திருப்பினார்.
பின்பக்கம் வெறுமை.
"அதுக்கு இதுல காலம் இல்லம்மா."

"இல்லீன்னா ஒண்ணு போடுங்க.
கோடு கோணாம நான் பிடிச்சுக்கறேன்."
அவள் நீட்டியது அச்சுப்பெட்டியின் மரச்சட்டம்,
ஓரத்தில் ஈரம் காயாத சிமெண்ட்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.
பேனாவை மூடிவிட்டுக்
கல்லூரிக்குப் போன் போட வெளியே போனார்.
எங்கள் வாசலில் சிக்னல் கிடைக்காது;
தமிழ்நாட்டுப் பக்கம் நாலடி நடக்கவேண்டும்.
அவர் முதல் அடி வைத்ததும் சபீனா
பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டாள்.

இரண்டு நிமிடம் பன்னிரண்டு.
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.
வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது.
நான் குனிந்து லேசை இறுக்கிக் கட்டுகிறேன்,
பழைய ஷூவில்.