வாயில் ஒரு வாத்து

வேகும் பாவின் நடுவில்
யாரோ கட்டைவிரலை அழுத்தி எடுத்ததுபோல்
ஒரு முகம்.
அதனால் பாவ் என்றே பெயரிட்டோம்.
கடைக்காரர் எழுதிக் கொடுத்த ரசீதில்
பக், ஆண், எட்டு வாரம்,
இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.
மூச்சைப் பற்றி ஒரு வரி இல்லை.

ரெலாவ் பிளாட்டில் பதினோராவது மாடி.
இரவு வேலை முடிந்து நான் வரும்போது
மின்தூக்கி திறந்ததுமே கேட்கும் அதன் குறட்டை,
பழைய லோரி ஒன்று
ஆயர் ஈத்தாம் மேட்டில் திணறுவதுபோல.
கவினேஷ் அதைப் பதிவுசெய்து
அப்பாவின் கைப்பேசியில் மணியாக வைத்தான்.
கல்யாணப் பந்தியில் அடித்தது.
பெரியத்தானின் காரியத்திலும் அடித்தது,
அழுதுகொண்டிருந்த அக்காகூடச்
சிரித்துவிட்டாள்.

முகமடிப்பைத் துடைக்காமல் விட்டால்
புளித்த பால் வாடை.
தன் மூக்கின் முடியே உரசி
வலக்கண்ணில் ஒரு வெண்புள்ளி,
சொட்டு மருந்து நாளுக்கு நான்கு முறை.
எட்டுக் கிலோ இருக்கவேண்டியது பதினொன்றரை.
இவர் ரொட்டி சானாயின் ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு
என்னைப் பார்க்காமல் தேநீர் குடிப்பார்.

செப்டம்பரில்
புகைமூட்டம் பாலத்தைப் பாதியோடு விழுங்கியிருந்த வாரம்,
மின்தூக்கியும் பழுது.
ஏழாவது மாடித் திருப்பத்தில் பாவ் உட்கார்ந்தது.
நாக்கு
மங்குஸ்தீன் தோலின் நிறத்தில் இருந்தது.
இவர் சட்டையைக் கழற்றி அதில் ஏந்திக்கொண்டு
வெற்று மார்போடு கீழே ஓடினார்.

ஜெலுத்தோங்கில் டாக்டர் ஊய்
பஞ்சு இழை ஒன்றை மூக்கருகே பிடித்தார்.
அது அசையவில்லை.
துளைகளே இல்லை அங்கே,
இரண்டு காற்புள்ளிகள்தாம்.
தாடையைத் தலைமுறை தலைமுறையாய்க் குறுக்கியவர்கள்
அண்ணத்தைக் குறுக்கவில்லை,
அதன் மிச்சம் தொண்டையில் தொங்குகிறது என்றார்.
"என்சிக் பரஞ்சோதி, இது எப்படித் தூங்கும்?"

பெருமையோடுதான் சொன்னோம்:
ரப்பர் வாத்தைக் கவ்விக்கொண்டு,
குழந்தை மாதிரி.
படம் இருக்கிறது, காட்டட்டுமா?

அவர் படத்தைப் பார்த்தார்.
பெரிதாக்கிப் பார்த்தார்.
"வாய் மூடிவிடாமல் இருக்க
முட்டுக் கொடுத்திருக்கிறது" என்றார்.

நான் பாயான் லெப்பாஸில்
பத்து மணி நேரம் நுண்நோக்கியில் பழுது தேடுகிறவள்.
முடியளவு கீறலுக்குத் தட்டையே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
மூன்று வருடமாக
அந்த வாத்தை நான்தான்
ஞாயிறுதோறும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அந்த நேரம் பார்த்து
இவர் சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது.
மேசைமேல் உயிர்வாயு முகமூடிக்குள் பாவ்,
பையிலிருந்தும் பாவ்.
இவருக்குப் பொத்தான் அகப்படவில்லை.
அது முழுதாக அடித்து ஓய்ந்தது.

நாலாயிரத்து இருநூறு வெள்ளி.
என் மிகைநேரக் காசு,
பிறகு கவினேஷ் கேட்டிருந்த சைக்கிள்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
மணியை மட்டும் அழித்தான்.

தையல் போட்ட ஐந்தாம் இரவு
எனக்கு விடுமுறை.
மூன்று மணிக்கு விழித்தேன்,
ஓசையே இல்லாததால்.
பதறி விளக்கைப் போடாமல் கூடத்துக்கு வந்தேன்.
நான்கு காலையும் நீட்டி,
கன்னம் தரையில் பட,
வாய் மூடிக் கிடந்தது பாவ்.
வாத்து ஒரு முழம் தள்ளி
செருப்புகளுக்கு நடுவில்.

இவர் முன்பே வந்து
அதன் மூக்கருகே புறங்கையை வைத்துக்
குந்தியிருந்தார்.
எத்தனை நேரமாக என்று கேட்கவில்லை.
"வருது" என்றார்.
கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.
ஆறு மணிக்குக் கண்ணில் மருந்து விடவேண்டும்.