கிழிந்த செவி

மயிலாடிப் பட்டறையில் நான் கணக்கெழுதுகிறவன்.
கல் இறக்கிய லாரி, உளி தட்டிய கொல்லன்,
டீ, பீடி, மெஷினுக்குப் பிளேடு.
சாத்தன் காணிக்கு வாரம் ஆறு நாள்.
தோட்டமலையிலிருந்து பேச்சிப்பாறை அணையைப்
படகில் தாண்டி, பஸ் மாறி மாறி
திங்கள் வந்தால் சனிதான் போவான்.

ஓட்டல் வாசலுக்கு ஆனை கேட்டார்கள், ஜோடியாக.
அவன் முடித்த முதல் ஆனையின் இடது செவியில்
மூன்று விரல் நுழையும் கிழிசல்.
கல்லில்தான் பழுதோ என்று தட்டிப் பார்த்தேன்.
மணி மாதிரி கேட்டது.

மேனேஜர் போனை நீட்டினார்:
"படத்துல இப்பிடி இல்லியே."
சாத்தன் தூசியை ஊதினான்.
"எனக்க மரச்சீனிய தின்ன ஆனைக்கு
அப்பிடித்தான் இருக்கும்.
நான் ராத்திரி முளுக்க
மரத்துக்க மேலயாக்கும் இருந்தேன்."

கூலியில் பிடித்தோம்.
பிடித்து எழுதியது நான், சிவப்பு மையில்.

பிறகு இரண்டு செய்தான்.
முறம் முறமாகச் செவி, ஒரு கீறல் கிடையாது.
கிரேனில் தொங்கிப் போகும்போது கேட்டேன்,
"இது எந்த ஆனை?"
"இதா? கல்லு."

முதல் ஆனை பட்டறைக்குப் பின்னால்
பூவரசு நிழலில் நிற்கிறது.
அதன் முதுகில் நாங்கள் சாப்பாட்டுத் தூக்கு வைப்போம்.
ஒருவன் சட்டை காயப்போடுவான்.
சாத்தன் மட்டும் சனிக்கிழமை பையோடு கிளம்பும்போது
ஒரு நிமிஷம் நின்று,
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு,
தள்ளிச் சுற்றித்தான் போகிறான்.