ஒன்பதாவது கேள்வி

கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்.
பறக்கும் படை இன்னும் தண்டையார்பேட்டையைத் தாண்டவில்லையென்று
யாரோ போனில் உறுதி செய்த பிறகு.
"ஒண்ணு, இ. ரெண்டு, அ."
ரேஷன் கடையில் அட்டை எண் வாசிக்கிற குரல்.
வெளியே கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி நின்று நின்று போனது.
சத்தம் பெரிதானபோது அவர் நிறுத்தினார்,
இருபது பேனாக்களும் நின்றன.

ஒன்பதுக்கு நான் முன்பே எழுதியிருந்தேன்.
கூம்பின் ஆரமும் உயரமும் இரட்டித்தால்
கன அளவு எத்தனை மடங்கு?
சூத்திரமெல்லாம் எனக்கு நிற்காது.
ஆனால் ராயபுரம் ஸ்டேஷன் படியில்
அம்மா வேர்க்கடலை விற்கிறாள்,
பழைய கைடுத் தாள்களை நாலாகக் கிழித்துப்
பொட்டலம் சுருட்டுவது என் வேலை.
ஒருநாள் கிழிக்காமல் முழுத்தாளையே சுருட்டி
சின்னதில் அள்ளி அள்ளிக் கொட்டிப் பார்த்தேன்.
எட்டு.
நம்பாமல் மறுபடி கொட்டினேன்.
எட்டேதான்.
"கடலையில இன்னாடி விளையாட்டு" என்று
முதுகில் ஒன்று விழுந்தது.

"ஒம்பது, ஆ. நாலு மடங்கு."

நிமிர்ந்தேன். அவர் கையிலிருந்த சீட்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.
பக்கத்து பெஞ்சில் பியூலா எழுதி முடித்து
என் பேனாவையே பார்த்திருந்தாள்.
எல்லாரும் நாலு என்றால்
கடலைதான் தப்பாக இருக்கும்.
அடித்தேன். நீல மையில் இரண்டு கோடு.
பெரிய கணக்குகள் கரும்பலகையில் வந்தன,
எழுதினோம்,
அழித்தார்கள்.

பள்ளிச் சுவரில் ஃபிளக்ஸ்: நூறு சதவீதத் தேர்ச்சி.
எங்கள் முகங்கள் தீப்பெட்டி அளவில்.
எனக்கு எழுபத்தாறு. பியூலாவுக்கும்.
அதில் என்னுடையது எத்தனை என்று
நிறுத்துக் காட்ட ஒரு தராசும் இல்லை.

பியூலா முதல் குரூப் எடுத்தாள்.
காலாண்டில் பதினொன்று.
தீபாவளிக்கு முன்பே பையை மாட்டிவிட்டு
காசிமேட்டில் இறால் உரிக்கப் போய்விட்டாள்.
"நான் மக்கு இல்லடி,
பத்தாவதுல எழுவத்தாறு" என்கிறாள்,
விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறியிருக்க.
நான் தலையாட்டுகிறேன்.

நான் இன்னும் போகிறேன் பள்ளிக்கு.
விடை தெரிந்த கேள்விக்கும்
முதலில் பக்கத்துத் தாளைத்தான் பார்க்கிறேன்.

நேற்று பொட்டலத்துக்குக் கிழித்த தாளில்
அதே கேள்வி.
கிழித்த பிறகுதான் பார்த்தேன்,
விடை வேறொரு துண்டில் போயிருந்தது.
அதில் கடலை போட்டுக் கொடுத்தேன்,
பத்து ரூபாய்.
வாங்கியவர் கும்மிடிப்பூண்டி வண்டி வரும்வரை கொறித்து
தண்டவாளத்தில் போட்டுவிட்டு ஏறினார்.