எழுபத்தேழு

காலை ஏழு மணி, ஆளில்லாத அரங்கம்.
கடைசிக் கோட்டில் நின்று கீழ்க்கையால் ஓங்கி அடித்தேன்.
எதிர்க்கோட்டுக்கு ஒன்றரை முழம் முன்னால் விழுந்தது இறகு.
வேகம் எழுபத்தேழு, சரி.
டப்பா மூடியில் கையெழுத்துப் போட்டேன்.

சித்திரை. காரைக்குடி. தகரக் கூரை.
பதினொரு மணிக்கு
எண்ணூறு பேர் விட்ட மூச்சு.
சூடேறிய காற்று இறகைத் தடுப்பதில்லை,
ஒதுங்கி வழிவிடுகிறது.
தூக்கியதெல்லாம் வெளியே.

தேவகோட்டை உமையாள் மட்டும்
கைக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள்:
வடக்கில் நின்றால் முக்கால் அடி,
தெற்கில் முழு அடி.
தெற்குச் சுவரில்
காற்றை உறிஞ்சும் நான்கு மின்விசிறிகள்.

மூன்றாம் ஆட்டம். இருபது, இருபத்தொன்று.
கரண்ட் போனது.
விளக்குகள் காலையிலிருந்தே ஜெனரேட்டரில்,
இமைக்கக்கூட இல்லை.
விசிறிகள் மட்டும்
சுற்றுக் குறைந்து
குறைந்து.

வடக்கிலிருந்து ஓசூர்ப் பெண் உயரத் தூக்கினாள்.
உமையாள் அண்ணாந்து பார்த்து
மட்டையைத் தாழ்த்தினாள்.
போகும். காலையிலிருந்து போனதுதானே.

போகவில்லை.
செங்குத்தாக இறங்கி
வெள்ளைக் கோட்டின்மேல் உட்கார்ந்தது.

கோட்டு நடுவரை அவள் பார்க்கவில்லை.
சுவரைப் பார்த்தாள்,
நின்றுபோன றெக்கைகளை.
கைகுலுக்கிவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.
"எந்த மணிக்கு எழுபத்தேழு, சார்?"

நான் வாயெடுப்பதற்குள்
கரண்ட் வந்துவிட்டது.