நான்கு நிமிடம்

அக்டோபர் பிறந்துவிட்டால்
எங்கள் துறைக்கு வரும் முதல் புகார்
பூச்சி பற்றியதாகத்தான் இருக்கும்.
இரண்டாம் மாடி, கிழக்குத் தாழ்வாரம்,
ஓவியத்தின் கண்ணாடிக்குள் ஒன்று நடக்கிறது.
எண்ணிட்டு, நேரமிட்டு
என் கைப்பேசிக்குத் தள்ளிவிடுவார்கள்.

கான்பெராவில் சட்டம் செய்யும் வீட்டைத்
துடைக்க, பூட்ட, பல்பு மாற்ற
ஒரு துறை உண்டு.
அதில் நான் விளக்குக்காரி.
ப்ளாகிட்சா என்று சட்டையில் தைத்திருக்கும்.
மாசிடோனியப் பெயர்.
தொலைபேசியில் ஒரே தடவையில்
யாரும் எழுதிக்கொண்டதில்லை.

குன்றின் தலையைச் சீவிக்
கட்டடத்தை உள்ளே வைத்து
மறுபடி புல்லால் மூடியிருக்கிறார்கள்.
கெரின் டூலன் கூரையில் புல்வெட்டி ஓட்டும்போது
கீழே ஒரு மசோதா
இரண்டாம் வாசிப்பில் இருக்கும்.
"இன்றைக்கு பட்ஜெட்டின் மேல் மூன்று சுற்று" என்பான்,
சிரிக்காமல்.

இரண்டாயிரத்துக்கு மேல் கடிகாரங்கள்.
ஒவ்வொன்றிலும் இரண்டு பொட்டு விளக்கு.
பச்சை சிமிட்டினால் பிரதிநிதிகள் சபை
வாக்குக்கு அழைக்கிறது. சிவப்பு, செனட்.
நான்கு நிமிடம் மணி.
பிறகு கதவைப் பூட்டினால் பூட்டினதுதான்,
மந்திரியானாலும் வெளியேதான்.

அந்துப்பூச்சிகளுக்கு வருகிறேன்.
வடக்கே கரிசலுக்குள் புழுவாய்க் கிடந்து
சிறகு காய்ந்ததும்
ஆயிரம் கிலோமீட்டர் பறக்கின்றன,
பார்த்தேயிராத ஒரு மலைக்கு.
வழி சொல்ல முந்தைய தலைமுறையில்
ஒன்றுகூட மிச்சமில்லை.
நட்சத்திரம் பார்த்துப் போகின்றன.
அங்கே பாறை இடுக்கில் ஓடு வேய்ந்ததுபோல்
ஒன்றன்மேல் ஒன்று அடுங்கி
கோடை முழுக்கத் தூங்கும்.

விளக்கில் விழும் விட்டில் என்று
காதலுக்கு உவமை சொல்லிவிடாதீர்கள்.
வானத்தில் இல்லாத ஒரு நட்சத்திரத்தை
மின்கட்டணம் கட்டி
நாங்கள் ஏற்றிவைத்திருக்கிறோம்,
அவ்வளவுதான்.

அந்த வியாழன் சபை நள்ளிரவைத் தாண்டியது.
முகப்பு விளக்குகளை அணைக்கப் படிவம் போட்டேன்.
பாதுகாப்புப் பிரிவு: ஆட்சேபம் இல்லை.
கட்டட மரபுப் பிரிவு: அதே.
நெறிமுறைப் பிரிவு மட்டும்
கொடிக்கு இரவில் வெளிச்சம் கட்டாயம் என்றது.
அணைத்தேன்.
எண்பத்தொரு மீட்டர் உயரத்தில்
கொடி தனியாக வெளுத்து நின்றது.
சுற்றிலும் புகைபோல அந்துகள்.

உள்ளே தப்பி வந்த ஒன்று
மேற்குப் பக்க அறை ஒன்றில்
கடிகாரத்துக்குள் நுழைந்து
பச்சைப் பொட்டின்மேல் சிறகை மடித்துப் படுத்துவிட்டது.
அறைக்குரிய உறுப்பினர்
மணியின் ஒலியைக் குறைத்துவைத்திருந்தார்.
சோபாவில் தூங்கினார்.
ஆற்றுநீர் பற்றிய ஒரு திருத்தம்
ஒரே வாக்கில் தோற்றது.

விடிவதற்குள் விசாரணை.
விளக்கு ஏன் சிமிட்டவில்லை?
சிமிட்டியது என்றேன்.
யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.
காரணம் என்ற கட்டத்தில் நான்கே தேர்வுகள்:
தேய்மானம், நீர்க்கசிவு, மனிதத் தவறு, பிற.
உறுப்பினரை நினைத்து மூன்றாவதில்
விரலை வைத்து எடுத்துவிட்டு
'பிற' என்று அழுத்தினேன்.

திருகுளி கொண்டு கண்ணாடியைத் திறந்தபோது
அது உயிரோடுதான் இருந்தது.
பழுப்புநிறம். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
தேநீர்க் கோப்பையில் கவிழ்த்துப் பிடித்து
தெற்கு வண்டிநிறுத்தத்துக்குக் கொண்டுபோனேன்.
இன்னும் இருட்டு.
மலை எந்தப் பக்கம் என்று நான் காட்டவில்லை.
கோப்பையை எடுத்ததும்
நடுங்கியது, எழும்பியது,
நேரே கொடிக்குப் போனது.

விசைப்பலகை அறைச் சாவி
என் இடுப்பில்தான் இருக்கிறது.

அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.
முதலில் ஒன்றும் தெரியவில்லை.
பிறகு துணி அடித்துக்கொள்ளும் சத்தம்.
பிறகு, மெல்ல, உண்மையான நட்சத்திரங்கள்,
என் துறையின் பராமரிப்பில் இல்லாதவை.

கைப்பேசி அடித்தது. நெறிமுறைப் பிரிவு.
கொடி ஏன் இருட்டில் இருக்கிறது?
பல்பு சோதனை என்றேன்.
முடிந்ததா?
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
இன்னும் ஒரு நிமிடம்.